பக்கத்துத் தடத்தில் அப்பச்சி – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் தேவகோட்டையில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் வேலை பார்ப்பவன். பள்ளியில் படித்த காலத்தில் அம்மான் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த நிண்டெண்டோ வீ என்ற வீடியோ கேம் பெட்டி எங்கள் வீட்டில் இன்றும் ஓடுகிறது. வழுக்கைத் தலை, அடர்ந்த மீசை, தடித்த கண்ணாடி என்று நானும் ஆச்சியும் (அக்காவும்) சேர்ந்து அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அதில் 'மீ' என்ற கார்ட்டூன் உருவம் ஒன்று செய்து வைத்தோம். அப்பச்சி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. விடுமுறைக்கு வந்த ஆச்சி மகன் பௌலிங் ஆடியபோது பக்கத்துத் தடத்தில் அப்பச்சி பந்து உருட்டிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்த ஆத்தா (அம்மா), "அதை அழித்துவிடாதே" என்று மட்டும் சொன்னார்கள்.

பின்னாளில் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற இன்னொரு கேம் பெட்டியில் எனக்கென்று ஓர் அவதார், அதாவது என் சார்பில் திரையில் நிற்கும் உருவம், வைத்துக்கொண்டு, இணையம் வழியாக முகம் தெரியாத பல ஊர்க்காரர்களோடு இரவெல்லாம் ஆடியிருக்கிறேன். அவர்களில் பலர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. இவையெல்லாம் பொம்மைகள்தானே என்கிறாள் என் மனைவி. பொம்மைக்கு இவ்வளவு மதிப்புக் கொடுப்பது சரியா? அந்த இணைய வாழ்க்கையை வாழ்க்கைக் கணக்கில் சேர்க்கலாமா?

க., தேவகோட்டை

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் கேள்விக்கு வருமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அப்பச்சியின் உருவம் அந்தப் பெட்டியின் உள் நினைவகத்தில் இருக்கிறது. 2006-இல் சந்தைக்கு வந்த கருவி அது. என்றைக்கு வேண்டுமானாலும் பழுதாகலாம். மீ உருவங்கள் இருக்கும் 'மீ சேனல்' பகுதியைத் திறந்து அவரை வீ ரிமோட்டிலும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஒரு ரிமோட்டில் பத்து உருவங்களுக்கு இடமுண்டு, பேட்டரியைக் கழற்றினாலும் அவை அழியா. கழற்றி வைப்பதுதான் நல்லதும்கூட, ஏனென்றால் பழைய பேட்டரி கசிந்தால் ரிமோட்டே வீணாகிவிடும். அத்தோடு, உருவத்தைத் திருத்தும் திரையில் கண், புருவம், மூக்கு, மீசை என ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியிலும் மீ உருவங்கள் உண்டு என்பதால், அந்தப் படங்களை வைத்துக்கொண்டு பின்னொரு நாள் அவரை அங்கேயும் செய்துவிடலாம்.

இனி, பொம்மையா என்ற கேள்வி. மீ உருவத்துக்கு விரல்கள் கிடையாது. கை வெறும் உருண்டை. முகத்துக்குக் கிடைப்பவையும் சில வகைக் கண்கள், சில வகை மூக்குகள், அவற்றை மேலே, கீழே, பெரிதாக, சிறிதாக நகர்த்தும் வசதி, அவ்வளவுதான். இவ்வளவு குறைந்த சாமான்களைக் கொண்டு ஒருவரை அடையாளம் தெரியும்படி செய்ய வேண்டுமானால், அவர் முகத்தில் எது அவரை அவராக்குகிறது என்று செய்பவர் முடிவுகட்டியாக வேண்டும். மீசை இன்னும் சற்றுக் கீழே இறங்க வேண்டும், கண்ணாடி மூக்கின் நடுவில் நிற்க வேண்டும் என்று நீங்களும் ஆச்சியும் வாதாடியிருப்பீர்கள். அப்பச்சியை நீங்கள் இருவரும் சிறு வயதில் எப்படிப் பார்த்தீர்கள் என்பது அந்த உருவத்தில் பதிந்திருக்கிறது. வீட்டிலுள்ள எந்தப் புகைப்படத்திலும் அது கிடைக்காது, ஆத்தாவுக்கு அது பார்த்த உடனே தெரிந்திருக்கிறது. பொம்மை என்று சொல்லும் உங்கள் மனைவி உங்கள் அப்பச்சியோடு அந்த வயதில் பழகியவர் இல்லை. அவரிடம் அந்த மீசைக் கதையைச் சொல்லுங்கள்.

எக்ஸ்பாக்ஸ் அவதார் வேறு வகை. ரேர் நிறுவனம் வடிவமைத்து 2008 நவம்பரில் வந்த அந்த உருவங்களுக்குச் சட்டையும் தொப்பியும் காசுக்கு விற்றார்கள். அடுத்த மாதமே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பிளேஸ்டேஷன் ஹோம் என்ற சோனியின் இணைய உலகில் அவதாருக்கு வீடும் நாற்காலியும்கூட வாங்க முடிந்தது. 2015 மார்ச் 31-ஆம் தேதி அதை மூடினார்கள், வாங்கியவர்களின் வீடும் நாற்காலியும் அதோடு போயின. மீ உருவங்களுக்கும் இதே பாடுதான்: இணையம் வழியாக அவை நண்பர்களின் பெட்டிகளுக்குப் போய்வந்த வசதி 2013-இல் நின்றுவிட்டது. ஆனால் ரிமோட்டில் ஏற்றிக் கையோடு நண்பர் வீட்டுக்கு எடுத்துப் போகும் வழி மட்டும் இன்றும் வேலை செய்கிறது. இத்தனை ஆண்டுகளில் வந்த அவதார் ஏற்பாடுகளில் மிக நேர்மையானது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

முகம் பார்க்காமல் ஒரு பெயரை நம்பிப் பழகுவது செட்டிநாட்டுக்குப் புதிதில்லை. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். ரங்கூன் மொகல் தெருக் கடையில் மேலாள் அவருடைய விலாசத்தின் பேரில் பற்று வரவு பார்ப்பார். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்த அந்த விலாசத்தின் பேச்சுக்குத்தான் மதிப்பு. முதலாளி கறுப்பா சிவப்பா என்று அங்கே பலருக்குத் தெரியாது. அதைப் பொய் வாழ்க்கை என்று யாரும் சொன்னதில்லை, நாணயம் உண்மையாக இருந்தது, அதனால் உறவும் உண்மையாக இருந்தது. போர் வந்தது, பிறகு பர்மிய அரசு நிலங்களையும் கடைகளையும் எடுத்துக்கொண்டது. கடை போயிற்று, விலாசம் போகவில்லை. பங்காளிகளின் நினைவிலும் வீட்டுக் கணக்கேடுகளிலும் அது இங்கே இருந்ததால், இன்றும் கல்யாணப் பத்திரிகையில் அச்சாகிறது.

அந்த இரவுகளை வாழ்க்கைக் கணக்கில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் ஒருவர் மாட்டிக்கொண்டபோது நீங்கள் திரும்பிப் போய்க் காப்பாற்றியது, தோற்ற பிறகும் ஹெட்செட்டைக் கழற்றாமல் பேசிக்கொண்டிருந்தது எல்லாம் நடந்தவை. உருவம் கார்ட்டூனாக இருந்ததால் பேச்சு கார்ட்டூனாகிவிடவில்லை. உங்கள் நட்புக்கு நேர்ந்த குறை வேறு: உங்கள் பெயரும் அவர்கள் பெயரும் ஒரு நிறுவனத்தின் ஏட்டில் மட்டும் இருந்தன. அவர்கள் ஏட்டை மூடினால் என்ன செய்வது என்று அந்த வயதில் எவரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

நல்லவேளையாக அந்த ஏடு முழுவதும் மூடப்படவில்லை. எக்ஸ்பாக்ஸ் 360-இன் இணையக் கடையை 2024 ஜூலையில் நிறுத்தினார்கள்; கணக்குகளை நிறுத்தவில்லை. ஃபோனில் எக்ஸ்பாக்ஸ் செயலியைப் போட்டுப் பழைய கணக்கில் உள்ளே போனால் நண்பர் பட்டியல் தெரியும். பலர் வருடக்கணக்கில் வராமல் இருக்கலாம். இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள். நீண்ட கடிதம் வேண்டாம்: உங்கள் இயற்பெயர், ஊர், சேர்ந்து ஆடிய ஆட்டத்தின் பெயர், உங்கள் மின்னஞ்சல் முகவரி, இவை போதும். பதில் எழுதுகிறவர்களிடம் அவர்களுடைய இயற்பெயரையும் ஊரையும் கேட்டு வாங்கி, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.