குடோன் வேலைக்கு சேர்ந்து ரெண்டு வாரம், காலைல விரலை மடக்கவே முடியல, என்ன பண்றது?

தம்பி, நானும் செங்குன்றம் பக்கம் ஒரு குடோன்ல ரெண்டு வருஷம் லோடிங் பாத்தவன்தான், முதல் மாசம் சட்டை பட்டன் போடக்கூட வீட்ல ஆள் கூப்பிட்டிருக்கேன். விரலை இழுக்கிற தசையில பெரும்பகுதி முன்னங்கைலதான் இருக்கு, அதனால வலிக்கிற விரலை மட்டும் அமுக்கிட்டு இருக்காம முழங்கைக்கு கீழ நல்லா உருவி விடு. காலைல எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணில கைய பத்து நிமிஷம் வெச்சு மெதுவா மூடி மூடி திற, எனக்கு அதுதான் கேட்டுச்சு.

முக்கியமானது பிடிக்கிற விதம். பெட்டிய விரல் நுனியால கிள்ளி தூக்காத, அடில உள்ளங்கைய குடுத்து வயித்தோட ஒட்டி தூக்கு. கிளவுஸ் லூசா இருந்தா வழுக்கும், நாம இன்னும் இறுக்கி பிடிப்போம், வலி டபுள் ஆகும், அதனால உன் சைஸ் கேட்டு வாங்கு, உள்ளங்கைல ரப்பர் கோட்டிங் இருக்கணும் (குடோன்ல குடுக்குற துணி கிளவுஸ் தூசிக்குதான் லாயக்கு). ஒரே வேலைய ஷிப்ட் பூரா செய்யாம ஸ்கேனிங், பேக்கிங்னு மாத்தி விட சொல்லி சூப்பர்வைசர்கிட்ட கேளு.

புது உடம்பு வலின்னா சில வாரத்துல குறையும். ஆனா ராத்திரி கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்துப்போய் முழிப்பு வருது, இல்ல விரல் மடங்கி டக்குனு மாட்டிக்குதுன்னா மாத்திரைய போட்டு ஓட்டாத. சம்பளத்துல இஎஸ்ஐ பிடிக்கிறாங்கல்ல, அந்த டிஸ்பென்சரிக்கு போய் காட்டு.