எச்சரித்தது எந்தப் பக்கம்? இரட்டை இயங்குதளக் கணினி: கேள்வி பதில்

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களின் கேள்விகள் இவை. எல்லோரும் "வைரஸ் வந்துவிட்டது" என்றுதான் தொடங்குகிறார்கள். எந்த இயங்குதளத்தில் இருந்தபோது, எந்தக் கோப்பைச் சுட்டி எச்சரிக்கை வந்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது.

கேள்வி: பழைய கணினியில் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸையும் நேற்று நிறுவினேன். இன்று விண்டோஸைத் திறந்ததும், 'பூட் செக்டர் மாறியிருக்கிறது, சரிசெய்யவா?' என்கிறது ஆன்டிவைரஸ். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம். மாற்றியது நீங்கள்தான். பயாஸ் என்ற பழைய தொடக்க முறைக் கணினியில் வட்டின் முதல் செக்டர்தான் பூட் செக்டர், அது 512 பைட். அதில் 446 பைட் கணினியைக் கிளப்பும் நிரல், 64 பைட் பார்டிஷன் (வட்டின் பிரிவுகள்) பட்டியல், மீதி 2 பைட் அடையாள முத்திரை. எந்த இயங்குதளம் வேண்டும் என்று பட்டியல் காட்டும் உபுண்டுவின் தொடக்க நிரல் கிரப், அதன் முதல் பகுதி அந்த 446 பைட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பூட் வைரஸ்கள் குடியேறுவதும் அங்கேதான். ஆன்டிவைரஸ் பதறுவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது 'சரிசெய்தால்' பழைய விண்டோஸ் நிரல் திரும்பிவிடும், கிரப் பட்டியல் வராது. லினக்ஸ் அழிந்துவிடாது, உள்ளே போக வாசல் இருக்காது. லினக்ஸை நிறுவாமலே இயக்கும் லைவ் பென்டிரைவிலிருந்து கிரப்பை மறுபடி நிறுவ வேண்டியிருக்கும். நீங்கள் எதையும் நிறுவாத, புதுப்பிக்காத நாளில் இதே எச்சரிக்கை வந்தால் கவலைப்படுங்கள்.

கேள்வி: தண்டர்பேர்ட் அஞ்சல் நிரலின் அஞ்சல்களை இரண்டு இயங்குதளங்களுக்கும் பொதுவான, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவ பார்டிஷனில் வைத்திருக்கிறேன். விண்டோஸில் ஆன்டிவைரஸ் 'ஒரு அச்சுறுத்தல் அகற்றப்பட்டது' என்றது. லினக்ஸுக்கு வந்து பார்த்தால் இன்பாக்ஸ் காலி!

பதில்: முதலில் தண்டர்பேர்டை மூடுங்கள், இரண்டு பக்கமும் திறக்காதீர்கள். வழக்கமான அமைப்பில் அது ஒரு அஞ்சல் பெட்டி முழுவதையும் ஒரே கோப்பாகத்தான் வைத்திருக்கும். ஆயிரம் அஞ்சல்களில் ஒன்றின் இணைப்பில் வைரஸ் இருந்தாலும், ஆன்டிவைரஸ் கண்ணுக்கு அது ஒரே கோப்பு. மொத்தமாகத் தூக்கித் தனிமைப்படுத்திவிட்டது. அழித்திருக்க வாய்ப்பு குறைவு. விண்டோஸுக்குப் போய் தனிமைப்படுத்தல் பட்டியலைத் திறந்து பாருங்கள். தண்டர்பேர்ட் இதற்குள் புதிதாக ஒரு காலி இன்பாக்ஸை உருவாக்கியிருக்கும். அதை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுப் பழையதை மீட்டெடுங்கள். லினக்ஸிலிருந்து இதைச் செய்ய முடியாது, தனிமைப்படுத்திய கோப்பைப் பொதுவாகக் குறியாக்கம் செய்துதான் வைப்பார்கள்.

கேள்வி: மீட்டுவிட்டேன், நன்றி. அந்த அஞ்சலை அழித்தும் மறுநாள் அதே எச்சரிக்கை வருகிறதே?

பதில்: அழித்தால் பட்டியலிலிருந்துதான் மறையும், எழுத்துகள் கோப்புக்குள்ளேயே கிடக்கும். குப்பைத் தொட்டியைக் காலி செய்து, இன்பாக்ஸ், குப்பைத் தொட்டி இரண்டின் மீதும் வலது சொடுக்கில் வரும் 'சுருக்கு' கட்டளையைக் கொடுங்கள். பாதுகாப்பு அமைப்புகளில், வரும் அஞ்சல்களை ஆன்டிவைரஸ் தனித்தனியாகத் தனிமைப்படுத்த அனுமதிக்கும் ஒரு கட்டம் இருக்கிறது, அதையும் தேர்ந்துவிடுங்கள்.

கேள்வி: லினக்ஸில் கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸ் கொண்டு விண்டோஸ் டிரைவைச் சோதித்தேன். 11 கோப்புகளைக் காட்டியது, சில விண்டோஸ் கோப்புறைக்குள்ளேயே இருக்கின்றன. அழிக்கப் போனால் 'படிக்க மட்டும்' என்று மறுக்கிறது.

பதில்: மறுத்தது நல்லதாயிற்று. விண்டோஸ் 8 முதல் வந்த 'வேகத் தொடக்கம்' இயங்கினால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் இருக்கும். அப்போது வெளியிலிருந்து எழுதினால் கோப்பு அமைப்பே கெடலாம். ரீஸ்டார்ட் கொடுத்து அங்கிருந்து லினக்ஸுக்கு வந்தால் இந்தச் சிக்கல் இல்லை. பவர் அமைப்பில் வேகத் தொடக்கத்தையே நிறுத்துவது இன்னும் நல்லது. அந்த 11 கோப்புகளின் ஷா256 கைரேகையை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுத்து, பல ஆன்டிவைரஸ்களின் முடிவை ஒருசேரக் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் தேடுங்கள். கிளாம்ஏவி மட்டும் குற்றம் சாட்டி மற்றவை எல்லாம் விடுவித்தால் பெரும்பாலும் தவறான எச்சரிக்கைதான். சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள், பிறர் கைக்கும் போகும்.

கேள்வி: விண்டோஸ் புதுப்பித்த பின் லினக்ஸ் கிளம்பாமல் 'பாதுகாப்புக் கொள்கை மீறல்' என்று நிற்கிறது. இதுவும் வைரஸா?

பதில்: இல்லை. ஆகஸ்ட் 2024 மைக்ரோசாஃப்ட் புதுப்பிப்பு, ஓட்டையுள்ள பழைய பூட் நிரல்களைத் தடுக்கப் போய், இரட்டை இயங்குதளக் கணினிகள் சிலவற்றை இப்படி நிறுத்தியது. கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸில் ஷிம் (கிரப்புக்கு முன் இயங்கும் சிறு நிரல்), கிரப் இரண்டையும் புதுப்பித்து, செக்யூர் பூட்டை மறுபடி இயக்குங்கள். வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். விண்டோஸ் நிச்சயம் கேட்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எப்போதாவதுதான் விண்டோஸைத் திறக்கிறேன். ஒவ்வொரு முறையும் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் மஞ்சள் குறி காட்டுகிறது.

பதில்: பெரும்பாலும் வைரஸ் பட்டியல் பழையதாகியிருக்கும், அவ்வளவுதான். புதுப்பிக்க விட்டுக் காத்திருங்கள்.

கேள்வி: லினக்ஸில் இணையம் பார்க்கும்போது, 'உங்கள் சி டிரைவில் 5 வைரஸ்கள், உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று ஒரு பக்கம் அலறுகிறது.

பதில்: லினக்ஸில் சி டிரைவ் என்று எதுவும் கிடையாதே! ஏமாற்றுக்காரன் உங்கள் இயங்குதளத்தைக்கூடக் கவனிக்கவில்லை. அழைக்காதீர்கள், எதையும் இறக்காதீர்கள். அந்தத் தாவலை மூட விடாமல் அடம்பிடித்தால் பிரௌசரையே நிறுத்திவிட்டு, பழைய தாவல்களை மீட்காமல் திறங்கள்.