தறியை நிறுத்திவிட்டுப் பாடியவர்

வாசகர் கேள்வி – டீச்சர் பதில்

கேள்வி: டீச்சர், சங்கீத மும்மூர்த்திகளில் உங்கள் மனசுக்கு நெருக்கமானவர் யார்? மூன்று பேரும்தான் என்று சொல்லி நழுவக் கூடாது.
– ஒரு வாசகி, குகை, சேலம்

பதில்: நழுவவில்லை அம்மா. சியாமா சாஸ்திரிகள்.

காரணம் சொல்ல வேண்டுமானால் பொன்னம்மாப்பேட்டையில் நான் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும். அப்பா வெண்பட்டு வேட்டி நெய்தவர். முன்கூடத்தில் இரண்டு குழித்தறி. குழிக்குள் கால் இறக்கி உட்கார்ந்தால் கால்கள் மிதியில், வலக்கை நாடாக் கயிற்றில், இடக்கை பலகையில். ஊடு நூலைச் சுமந்து நாடா ஓடும், பலகை அடிக்கும். நாள் முழுக்க அந்தச் சத்தம் இரண்டிரண்டாய்த்தான் கேட்கும். ஆதி தாளப் பாட்டு என்றால் தறியே தாளம் போட்டுக் கொடுத்துவிடும். எட்டு அடிக்கு ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று. தியாகராஜர் கீர்த்தனைகள் பலவற்றை அப்படித்தான் அப்பா நெய்துகொண்டே பாடினார், நானும் நூல் சுற்றிக்கொண்டே கற்றுக்கொண்டேன்.

ஆனால் 'மரிவேரே கதி' பாட வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டால் தறி நின்றுவிடும். ஆனந்தபைரவி ராகம், மிஸ்ர சாபு தாளம். தகிட, தகதிமி என்று மூன்றும் நாலும் சேர்ந்து ஏழு. "ரெண்டுக்குள்ள ஏழு அடங்காது. அடக்கப் பார்த்தா பாட்டும் கெடும், துணியும் கெடும்" என்பார். நாடாவை ஓரமாக ஒதுக்கி, தொடையில் தட்டி, பல்லவி முதல் சரணம் வரை நிதானமாகப் பாடி முடித்த பிறகுதான் மிதியில் கால் வைப்பார். கூலிக்கு நெய்கிறவர் அவர். தறி நின்றால் அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. அது எனக்கு உறைத்தது நானே சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகுதான்.

சாஸ்திரிகள் 1762-இல் திருவாரூரில் பிறந்து, தஞ்சாவூரில் பங்காரு காமாட்சிக்குப் பூஜை செய்து வாழ்ந்தவர். மற்ற இருவரான தியாகராஜரையும் முத்துசுவாமி தீட்சிதரையும் போல நூற்றுக்கணக்கான பாடல்கள் அவருடையவை நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றில் ஒன்றையும் தள்ள முடியாது. சாபு தாளம் அவர் கையில் குழைந்து வரும். மூன்றும் நாலுமாக வருவதை நாலும் மூன்றுமாகத் திருப்பி விலோம சாபு என்றும் பாடல் அமைத்திருக்கிறார்.

ஸ்வரமும் சாகித்தியமும் சேர்ந்து வரும் பாட்டு வகை ஸ்வரஜதி. அவருடைய பைரவி ராக ஸ்வரஜதியை மட்டும் ஒரு முறை உட்கார்ந்து கேளுங்கள். எட்டுச் சரணங்கள். முதல் சரணம் ஷட்ஜத்தில் (ஸ) எடுக்கும், அடுத்தது ரிஷபத்தில் (ரி), அடுத்தது காந்தாரத்தில் (க). இப்படியே ஒவ்வொரு ஸ்வரமாக ஏறி எட்டாவது சரணம் மேல் ஷட்ஜத்தில் எடுக்கும். உள்ளே வேலையாக இருக்கும் அம்மாவைக் குழந்தை ஒவ்வொரு தடவையும் குரலைக் கொஞ்சம் உயர்த்திக் கூப்பிடுமே, அதுதான் எனக்கு நினைவுக்கு வரும். மேல் ஷட்ஜம் வரும்போது இன்றைக்கும் எனக்குக் கண் நிறைந்துவிடும். நாற்பது வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது.

கேள்வி: ஆத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கர்நாடக சங்கீதம் கேட்க ஆசைதான். ஆனால் தெலுங்கும் சம்ஸ்கிருதமும் புரியாமல் கேட்பது என்னையே ஏமாற்றிக்கொள்வதாகப் படுகிறது. நான் நினைப்பது தவறா?
– ஒரு வாசகர், ஆத்தூர்

பதில்: தவறென்று சொல்ல மாட்டேன். சொல் புரிந்தால் பாட்டு இரட்டிப்பாகும். அதற்காக, புரியாதவரை கேட்கக் கூடாது என்று காதை மூடிக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் பேச்சு சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், அப்பா வாயில் பாட்டோ தெலுங்கு. தியாகராஜரின் நேர்ச் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் எங்கள் சௌராஷ்டிர சமூகத்தவர். குருவின் கீர்த்தனைகளை அவர் பக்கத்தில் ஏட்டில் எழுதிக் காத்திருக்காவிட்டால் இன்று நமக்குக் கிடைத்திருக்கும் பாடல்கள் எவ்வளவோ குறைந்திருக்கும். மொழி வேறு என்று அவர் விலகி நின்றாரா?

தமிழில்தான் தொடங்க வேண்டும் என்றால் தாராளமாகத் தொடங்குங்கள், குறை ஒன்றுமில்லை. நான் சொன்ன மிஸ்ர சாபுவிலேயே கோபாலகிருஷ்ண பாரதியார் 'வருகலாமோ' வைத்திருக்கிறார், மாஞ்சி ராகத்தில். வாசலில் நிற்கும் நந்தனார் உள்ளே வரலாமா என்று கேட்கிற கேள்வி அது. பாட்டு முழுவதும் தயங்கித் தயங்கி நடக்கும். அந்தத் தயக்கத்துக்கு ஏழுதான் சரியான தாளம் என்பது என் எண்ணம். எட்டில் வைத்திருந்தால் கால் உறுதியாகப் பதிந்திருக்கும்.

நம் கொங்கு மண்ணின் பெரியசாமித் தூரன் இருக்கிறார். மொடக்குறிச்சி பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்தவர். தமிழுக்குப் பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் தந்த பதிப்பாசிரியர். அவ்வளவு வேலைக்கு நடுவிலும் கீர்த்தனை எழுதியிருக்கிறார். சாவேரியில் 'முருகா முருகா' கேளுங்கள். எம்.எஸ். அம்மா பாடிய 'குறை ஒன்றும் இல்லை' உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதியவர் ராஜாஜி, 1917-லிருந்து 1919 வரை நம் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். சிவரஞ்சனியில் தொடங்கி, காபியில் போய், சிந்துபைரவியில் முடிகிற ராகமாலிகை. ராகம் மாறும் இரண்டு இடங்களையும் பேர் தெரியாமலே உங்கள் காது கண்டுபிடித்துவிடும். கடை திறந்து சாம்பிராணி போடுகிற நேரத்தில், தினம் அந்த ஒரே பாட்டை ஒரு மாதம் போட்டுக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: வயது 59. இப்போதுதான் பாட்டு வகுப்பில் சேர்ந்தேன். சரளி வரிசையிலேயே குரல் அடைக்கிறது. விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், மேட்டூர்

பதில்: விட வேண்டாம். எந்தச் சுருதியில் பாடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். வகுப்பில் உங்களுடன் சிறுமிகளும் உட்கார்ந்தால் சுருதிப் பெட்டி ஐந்து கட்டையில் (ஆங்கிலத்தில் G) இருக்கும். ஆண் குரல் அங்கே திணறத்தான் செய்யும். வீட்டில் ஒரு கட்டையில் (C) வைத்துக் காலையில் பாடுங்கள். அடைப்பு தானே விலகும்.

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை. எனக்கு நாகஸ்வரம் என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் பியானோ கற்கும் என் மகளுக்கோ பீத்தோவன்தான் எல்லாம். ஒரே வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டோம். அவளை எப்படி நம் பக்கம் இழுப்பது?
– ஒரு வாசகர், ஒண்டிக்கடை, ஏற்காடு

பதில்: இழுக்கவே வேண்டாம். நீங்கள் அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

பியானோவில் ஒரு கட்டையை, அதாவது உங்கள் மகள் C என்று சொல்லும் கட்டையை, ஸ வாக வைத்து, வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசிக்கச் சொல்லுங்கள். அது நம் சங்கராபரணம். அதே வெள்ளைக் கட்டைகளை இரண்டு கட்டையை (D) ஸ வாக வைத்துத் தொடங்கினால் கரகரப்பிரியா. மூன்றிலிருந்து தோடி, நாலிலிருந்து கல்யாணி, ஐந்திலிருந்து ஹரிகாம்போதி, ஆறிலிருந்து நடபைரவி. ஒரு கறுப்புக் கட்டைகூடத் தொட வேண்டாம். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துக் குழைக்கிற குழைவு, இல்லாமல் ராகம் முழுதாய் நிற்காது, நாகஸ்வரத்தில் தோடி கேட்ட உங்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒரே வரிசைக்குள் ஆறு ராகத்தின் எலும்பு இருப்பதைக் குழந்தை தன் விரலாலேயே கண்டுபிடிப்பாள்.

பிறகு முத்துசுவாமி தீட்சிதரின் கதையைச் சொல்லுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த இளமைக் காலத்தில், கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டவர் அவர். அந்த மெட்டுகளில் தெய்வங்கள் மேல் சம்ஸ்கிருதப் பாட்டு எழுதினார். நோட்டு ஸ்வரம் என்கிறோம். ஏறக்குறைய நாற்பது இருக்கின்றன. 'சந்ததம் பாஹிமாம்' என்ற பாட்டு இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் கீதத்தின் மெட்டேதான். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடமிருந்தே வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா? அப்படிக் காது திறந்திருந்த முத்துசுவாமி தீட்சிதர்தான் திருவாரூர் கமலாம்பா மேல் நவாவரணக் கீர்த்தனைகளையும் செய்தார். ஒன்றைக் கேட்டதால் இன்னொன்று அவரை விட்டுப் போய்விடவில்லை.

மகளிடம் இன்னொன்றும் சொல்லலாம். அவளுடைய பீத்தோவனும் என்னுடைய சியாமா சாஸ்திரிகளும் காலமானது ஒரே வருஷம், 1827. ஒருவர் வியன்னாவில், ஒருவர் தஞ்சாவூரில்.

மிளகு பறிப்பு முடிந்து கை ஓய்ந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேலத்துக்கு இறங்கி வாருங்கள். என்னிடம் பியானோ இல்லை, அப்பா வாங்கித் தந்த ஆர்மோனியம் இருக்கிறது. மேல் ஸ்தாயியில் ஒரு கட்டை மட்டும் ஒட்டிக்கொள்ளும், மற்றவை நன்றாகப் பேசும். சந்ததம் பாஹிமாமை அவள் வாசிக்கட்டும், நான் பாடுகிறேன், நீங்கள் தாளம் போடுங்கள்.