விதைப் பைக்கற்றுக் கொடுத்தனுப்பிய தம்பிக்கு

கேள்வி: நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வளர்ந்தவன். எங்கள் வீட்டு வளவில் கத்தரி, வெண்டி, பயற்றை, மரவள்ளி எல்லாம் இருந்தன. பட்டினி என்றால் என்னவென்றே தெரியாது. எனக்குக் கம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைத்த வருஷம் அந்த வளவை விற்றுவிட்டோம். இப்போது நகரத்தில் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறேன். வந்தாறுமூலைப் பக்கம் ஒரு காணியும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அக்கா குடும்பம் கடற்கரையில், சுனாமி வீட்டுத்திட்டத்தில். அத்தானுக்குக் கூலிவேலை. அரசாங்கத்தின் அஸ்வெசும நிவாரணக் காசும் எடுக்கிறார்கள். அப்படியிருந்தும் மாதக் கடைசியில் மகனை அரிசிக்கு அனுப்புகிறா. கொடுத்தே பழக்கிவிடக்கூடாது என்று போன தடவை அரிசிக்குப் பதிலாக விதைப் பைக்கற்றுகளைக் கொடுத்தனுப்பினேன். அன்றிலிருந்து அக்கா பேசுவதில்லை. மண்ணோடு வளர்ந்தவ நட்டுச் சாப்பிடலாம்தானே? நான் செய்தது பிழையா?

பதில்: தம்பி, பிழைதான்.

தோட்டத்தோடு வளர்ந்த பலர் எனக்கு இப்படித்தான் எழுதுகிறார்கள். பசித்தவனைக் கண்டால் அவன் உழைக்கிறானா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். உழைக்க அவனிடம் நிலமும் தண்ணீரும் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றாது. சின்ன வயதில் அவை இரண்டும் வீட்டிலேயே கிடந்ததால் வந்த கோளாறு இது.

கம்பஸ் கிடைத்த வருஷம் வளவை விற்றுவிட்டோம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உத்தியோகத்துக்குத் தாவிவிட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. மட்டக்களப்பில் வீடு வளவு யாருக்குப் போகும்? பெண் பிள்ளைக்கு. இது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வழக்கப்படி அக்காவின் சீதனமாகியிருக்க வேண்டிய நிலம், உங்கள் விடுதிக் காசாகவும் புத்தகமாகவும் போயிருக்கிறது. அப்போது அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தாலும், தம்பி படிக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பா. அந்தக் கிணற்றையும் வளவையும் விற்றுச் சாப்பிட்டவர், இன்றைக்கு அவவுக்கு வெண்டி விதை அனுப்புகிறீர்கள்!

சரி, விதைக்கே வருவோம். வெண்டி காய்க்க ஒன்றரை மாதம் வேண்டும். கத்தரிக்கு இரண்டு மாதத்துக்கு மேல். பிள்ளை வெறும் பையோடு உங்கள் வாசலில் நின்றது அன்றைய உலைக்கு. அது போக, உங்கள் சின்ன வயதிலும் சோறு வளவில் முளைக்கவில்லை. வயல் வட்டையில் விளைந்து, சூடடித்து, மூட்டையாக வீட்டுக்கு வந்தது. வளவில் இருந்து வந்தது கறிதான். கச்சான் காற்று அடித்து மண் பொரிகிற மாதங்களில் விடியப்புறம் எழும்பி வாளி வாளியாய்க் கிணற்றில் அள்ளி ஊற்றியது யார், மாடு பாயாமல் வேலி கட்டியது யார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பிடுங்கிச் சாப்பிட்டது மட்டும் இருக்கிறது.

அக்கா இப்போது இருப்பது கடற்கரை மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது, கிணறு தோண்டினால் பல இடங்களில் உவர். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் பில் யார் கட்டுவது? முருங்கைக் கொப்பு ஒன்றை ஊன்றலாம். மாரி தொடங்கியதும் வத்தாளை (சர்க்கரைவள்ளி)க் கொடி வைத்தால் மணலிலும் ஓடும். இதெல்லாம் உங்களைவிட அவவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவவுக்கு விதையைக் கொடுத்துப் பாடம் எடுத்ததுதான் சுட்டிருக்கும்.

2022இல் விலைவாசி தலைக்கு மேல் போனபோது, வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்குச் சம்பளத்தோடு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். அத்தானைப் போன்ற கூலிக்காரருக்கு லீவு என்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. நட்டுச் சாப்பிடு என்று சொல்கிறவருக்கு எப்போதும் ஏதோ ஒரு லீவு இருக்கிறது.

அஸ்வெசும காசை ஏன் இழுத்தீர்கள் என்று விளங்கவில்லை. அது உங்கள் சட்டைப்பையில் இருந்து போகிறதா?

நீங்கள் தாய்மாமன். மருமகன் அரிசிக்கு வாசலில் நிற்பதே எனக்குப் பொறுக்கவில்லை. நிற்க வைத்துவிட்டுக் கொடுப்பதா வேண்டாமா என்று பத்திரிகையில் கேட்கிறீர்கள். இந்தச் சம்பளத்தோடு ஒரு மூட்டை அரிசியை நீங்களே கொண்டுபோய் அக்கா வீட்டில் இறக்குங்கள். மகனைக் கேட்க அனுப்புகிற நிலை அதற்குப் பிறகு வரக்கூடாது. விதையைப் பற்றி வாய் திறக்காதீர்கள். அவ பேசாவிட்டால் பேசாமலே ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் அந்த வந்தாறுமூலைக் காணி. நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உறுதி எழுதும்போது ஒரு பங்கு அக்காவின் பெயரில் போகட்டும். வீட்டுக்காரி சண்டைக்கு வருவா. அதற்கு வேறு கடிதம் போடுங்கள், பதில் எழுதுகிறேன்.