முதல் ஸ்கிராப்புக்: வாங்குவதற்கு முன் தேர்ந்தெடுங்கள்

கேள்வி: பல ஆண்டுகளாகச் சேர்ந்த குடும்பப் படங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றைக் கொண்டு ஸ்கிராப்புக் (படங்களையும் குறிப்புகளையும் சேர்த்து அமைக்கும் நினைவுப் புத்தகம்) செய்ய விரும்புகிறேன். கடையில் அடுக்கியிருக்கும் பொருள்களில் எதை வாங்குவது என்று புரியவில்லை. பழைய படங்களை ஒட்டினால் கெட்டுவிடுமா? அம்மாவின் பழைய ஒட்டும் ஆல்பத்திலிருந்து படங்களைப் பிரித்தெடுக்க முடியுமா?

பதில்: பெட்டியிலுள்ள எல்லாப் படங்களையும் ஆண்டு வரிசைப்படி அடுக்கிவிட்டுத் தொடங்கலாம் என்று நினைக்காதீர்கள். அப்படித் தொடங்கும் பலர் அடுக்கும் வேலையிலேயே சலித்துப்போய்ப் பெட்டியை மீண்டும் மூடிவிடுகிறார்கள். ஒரு பயணம், ஒரு பிறந்தநாள், குழந்தை பள்ளியில் சேர்ந்த ஆண்டு என ஏதேனும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குரிய படங்களில் பதினைந்துக்கு மிகாமல் தேர்ந்தெடுங்கள். பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று படங்கள் என்று வைத்தால் ஐந்தாறு பக்கங்களில் முதல் புத்தகம் முடிந்துவிடும். தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் கேமராவைப் பார்த்து நிற்கும் படத்தைவிட, யாரோ எதையோ செய்துகொண்டிருக்கும் படத்துக்கு முன்னுரிமை கொடுங்கள். எழுதுவதற்கு அதில்தான் செய்தி இருக்கும்.

மறுபடி அச்சிட முடியாத எதையும் பசை போட்டு ஒட்டக் கூடாது என்பதே இந்தக் கலையில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விதி. நெகட்டிவ் இல்லாத பழைய படங்களை ஸ்கேன் செய்து, பிரதியைப் புத்தகத்தில் வைத்துவிட்டு மூலப்படத்தைத் தனியே பாதுகாத்திடுங்கள். 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்தால் படத்தை இரு மடங்கு பெரிதாக்கி அச்சிட்டாலும் 300 டி.பி.ஐ. தெளிவு கிடைக்கும். கைப்பேசிப் படமானால், 4×6 அங்குலத்தில் அச்சிட 1200×1800 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் பெரும்பாலும் சுருக்கப்பட்டிருக்கும் என்பதால், எடுத்தவரிடமிருந்தே மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவது நல்லது.

பொருள்களைப் பொறுத்தவரை, அழகைவிட வேதியியலே முக்கியம். மலிவான தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் ஒளியும் காற்றும் பட்டு மஞ்சளாகிறது. தாளிலுள்ள அமிலம் அருகிலுள்ள படத்தையும் பாதிக்கிறது. பழைய செய்தித்தாள் பழுப்பேறி நொறுங்குவது இதனால்தான். எனவே ஆல்பமும் அட்டைத்தாளும் அமிலமற்றவை, லிக்னின் அற்றவை என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். செய்தித்தாள் நறுக்கு என்றால், அதை அமிலமற்ற தாளில் நகலெடுத்து நகலை மட்டும் வையுங்கள். பிளாஸ்டிக் உறைகளில் பி.வி.சி. வேண்டாம், பாலிபுரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் பாதுகாப்பானது. உறையைத் திறந்ததும் புதுப் பிளாஸ்டிக் நெடி மூக்கில் ஏறினால் அதை வாங்காமல் விடுவதே நலம். ‘படங்களுக்குப் பாதுகாப்பானது’ என்ற பொதுவான விளம்பர வாசகத்தைவிட, ஒரு பொருள் படங்களைப் பாதிக்கிறதா என்று பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 18916 சோதனையில் தேறியது என்ற குறிப்பு நம்பகமானது.

செலோடேப் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும், ரப்பர் பசை படத்தில் கறை ஏற்படுத்தும், தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை தாளைச் சுருக்கிவிடும். படத்தின் நான்கு மூலைகளையும் செருகும் ஃபோட்டோ கார்னர்களே சிறந்தவை, ஏனெனில் வேண்டும்போது படத்தைச் சேதமின்றி எடுத்துவிடலாம். மற்றவற்றுக்கு அமிலமற்ற இருபக்க டேப் போதும். (ஒட்டும் தொல்லை இன்று நேற்று வந்ததன்று. எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் பக்கங்களில் முன்கூட்டியே பசை பூசப்பட்ட ஸ்கிராப்புக்குக்கு 1873-இல் காப்புரிமை பெற்றார்.) எழுதுவதற்கு நிறமி மை கொண்ட பேனாவைப் பயன்படுத்துங்கள், படத்தின் பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்புறம் தடம் தெரியும்.

பன்னிரண்டு அங்குலச் சதுர ஆல்பம்தான் பரவலான அளவு என்றாலும், அத்தனை பெரிய பக்கத்தை நிரப்பத் தொடக்கத்தில் திணறுவீர்கள். எட்டு அங்குலம் போதுமானது. பக்கங்களைச் சேர்க்கவும் நீக்கவும் முடிகிற வகையாக இருக்கட்டும். இரண்டு மூன்று நிறங்களில் சுமார் 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அட்டைத்தாள், இரும்பு ஸ்கேல், கூர்மையான கட்டர் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வடிவம் வெட்டும் இயந்திரமும் ஸ்டிக்கர் தொகுப்புகளும் மூன்றாவது புத்தகம் வரை காத்திருக்கலாம்.

பக்கத்தை அமைக்கும்போது, எழுதுவதற்கான இடத்தை முதலில் ஒதுக்குங்கள். பெரிய படம் ஒன்றை மையத்திலிருந்து சற்று விலக்கி வைத்து, சிறிய படங்கள் இரண்டை அதன் ஓரத்தை ஒட்டி நிறுத்துங்கள். பெரிய படத்தின் பின்னால், சுற்றிலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் தெரியும்படி நிற அட்டை ஒன்றைக் கொடுத்தால் படம் எடுப்பாகத் தெரியும். அந்த நிறத்தைப் படத்திலுள்ள ஓர் ஆடையிலிருந்தோ சுவரிலிருந்தோ எடுத்தால் பொருத்தம் தானே அமைந்துவிடும். எதையும் ஒட்டாமல் அடுக்கிக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நேரில் கண்ணுக்குத் தப்பிய கோணலும் நெரிசலும் அதில் தெரியும். எழுத்தில் பெயர், தேதி, இடம் ஆகியவற்றோடு, படத்தில் தெரியாத ஒன்றும் இருக்க வேண்டும். ‘கடற்கரையில், 2019’ என்பது போதாது. ‘அலை ஒரு செருப்பை இழுத்துக்கொண்டு போனதால் அப்பா வெறுங்காலோடு திரும்பி வந்தார்’ என்று எழுதினால், அப்போது பிறந்திராத பேரக்குழந்தையும் அந்தப் பக்கத்தில் நின்று பார்க்கும்.

பயணச்சீட்டுகளையும் ரசீதுகளையும் நகலெடுத்து வையுங்கள்; வெப்பத்தாளில் அச்சானவை மங்கிப்போகும்.

அம்மாவின் ஒட்டும் ஆல்பத்தைத் தள்ளிப்போடாமல் கவனியுங்கள், ஏனெனில் அதன் பசை ஆண்டுக்கு ஆண்டு இறுகும். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்தின் ஒரு மூலையில் நுழைத்து, இரு கைகளாலும் பிடித்து மெல்ல ரம்பம்போல் இழுத்தால் பெரும்பாலான படங்கள் வந்துவிடும். படம் வளையும்படி மேல்நோக்கி இழுக்கக் கூடாது. நூலுக்கும் மசியாத படமாக இருந்தால், முதலில் அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்துகொண்டு, படத்தைச் சுற்றி ஆல்பத் தாளோடு சேர்த்து வெட்டி எடுங்கள்.