பூனை முடியால் மூச்சிரைப்பு வருமா?

வீட்டில் பூனை வளர்த்தால் மூச்சிரைப்பு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். உண்மையில் தொந்தரவு தருவது பெரும்பாலும் 'ஃபெல் டி 1' என்ற புரதம். பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் அது உண்டாகிறது. பூனை உடம்பை நக்க நக்க முடியில் ஒட்டி, காய்ந்து, தோல் செதிலோடு பொடியாக உதிர்கிறது. அந்தத் தூள் மிக நுண்ணியது. மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், மூச்சுக்குழாயின் ஆழம் வரை போகும். ஒவ்வாமை உள்ளவருக்குத் தும்மல், கண் அரிப்பு, மூக்கடைப்பு. ஆஸ்துமா இருந்தால் இழுப்பு அதிகமாகலாம். பூனையை வேறு வீட்டுக்குக் கொடுத்தாலும் அந்தத் தூள் மெத்தையிலும் சோபாவிலும் சில மாதங்கள் தங்கியிருக்கும். அதனால் அவசரப்பட்டு விரட்டிவிடாதீர்கள், பாவம். முதலில் மருத்துவரிடம் ஒவ்வாமைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதுவரை படுக்கையறைக்குள் மட்டும் பூனையை விடவேண்டாம்.