மண்ணுக்கடியில் இயற்கையாகவே மெழுகு கிடைக்குமா?

கிடைக்கும். "மெழுகென்றால் தேன்கூடு, இல்லையென்றால் பெட்ரோலிய ஆலைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பூமியே தருவதும் உண்டு.

ஒன்று ஓசோகெரைட். பாறை வெடிப்புகளில் ஊறிய கச்சா எண்ணெயின் லேசான பகுதி ஆவியாகிப்போக, எஞ்சித் தங்கும் மெழுகு. பெயருக்கே கிரேக்கத்தில் 'மணக்கும் மெழுகு' என்று பொருள். உக்ரைனின் போரிஸ்லாவில் சுரங்கம் வெட்டியே எடுத்தார்கள். சுத்திகரித்தால் செரசின். மே வெயிலில் புதுச்சேரியில் பாரஃபின் மெழுகுவர்த்தி வளைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். செரசின் அதைவிட அதிகச் சூட்டில்தான் உருகும், எண்ணெயையும் நன்றாகப் பிடித்துவைக்கும். உதட்டுச்சாயத்தில் சேர்ப்பது அதனால்தான்.

அப்புறம் மான்டன் மெழுகு. கடலூர்க்காரர்களுக்கு இதுதான் சுவாரசியம், ஏனென்றால் இதன் மூலப்பொருள் நெய்வேலியில் வெட்டுகிற அதே வகை பழுப்பு நிலக்கரி. பழங்காலச் செடிகளின் இலைமேல் இருந்த மெழுகுப்பூச்சு மக்காமல் கரிக்குள் தங்கிவிட்டது. ஜெர்மனியில் கரைப்பான் ஊற்றிப் பிரித்தெடுக்கிறார்கள். 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், கறுப்பு, கெட்டி. ஷூ பாலிஷிலும் கார்பன் தாளிலும் சேர்த்தார்கள்.

அதற்காக நெய்வேலிக் கரியைக் கொண்டுவந்து அடுப்பில் காய்ச்சிப் பார்க்காதீர்கள். எல்லாப் பழுப்புக் கரியிலும் மெழுகு ஒரே அளவில் இருக்காது, புகைதான் மிஞ்சும்.